கரண்ட் பில் பிளான்லயே எழுதியாச்சு

போன இதழ்ல ஒரே ஒரு வரி போட்டிருந்தேன், அபார்ட்மென்ட் கட்டறவங்க, வாங்கறவங்க, வாடகைக்கு இருக்கறவங்க யாரா இருந்தாலும் கரண்ட் செலவு பத்தி கேள்வி அனுப்புங்கன்னு. கடிதம், மெயில், மெசேஜ்னு வந்து குவிஞ்சிருச்சு. அதுல பாதி "எந்த ஏசி வாங்கலாம்" ரகம்தான். அதுக்குக் கடைசியில சுருக்கமா சொல்றேன், அது அவ்வளவு விஷயம்தான். மிச்சம் இருந்ததுல சிலது நிஜமாவே என்னை உக்காந்து யோசிக்க வச்சிருச்சு.

கேள்வி: மேடம், நான் சின்ன பில்டர். நாலு மாடி, பதினாறு ஃபிளாட், நடுத்தர வருமானக்காரங்க வாங்கற மாதிரிதான் விலை வைக்க முடியும். கரண்ட் பில் கம்மியா வர்ற வீடுன்னு சொல்லி விக்கணும்னு ஆசை, ஆனா கைல எக்ஸ்ட்ரா பணம் கிடையாது. சோலார்ல ஆரம்பிக்கவா, டபுள் கிளாஸ் ஜன்னல்ல ஆரம்பிக்கவா?

பதில்: ரெண்டுலயும் ஆரம்பிக்காதீங்க சார். முதல்ல பிளானை விரிச்சு வைங்க. சோலாரை பத்து வருஷம் கழிச்சுக்கூட மொட்டை மாடில ஏத்திக்கலாம், ஏசியை மாத்திக்கலாம், லைட்டை மாத்திக்கலாம், ஆனா பில்டிங் எந்தத் திசைய பாத்து நிக்குது, ஜன்னல் எந்தச் சுவர்ல இருக்கு, ஒரு ரூமோட ஆழம் எவ்வளவு, இதையெல்லாம் அஸ்திவாரம் போட்டப்புறம் கடவுளே வந்தாலும் மாத்த முடியாது. அதுவும் இந்த முடிவுக்கெல்லாம் தனியா செலவே கிடையாது, பேப்பர்ல ரப்பர் வச்சு அழிச்சுட்டு திருப்பி வரையற செலவுதான்.

வெயில் ஊர்ல கட்டறீங்கன்னா, நீளமான பக்கம் வடக்கும் தெற்கும் பாக்கட்டும், குறுகின பக்கம் கிழக்கும் மேற்கும் பாக்கட்டும். தெற்கு வெயில் (பூமத்திய ரேகைக்குத் தெற்க இருக்கறவங்க இதை வடக்குன்னு படிச்சுக்கோங்க) உச்சி மேல இருந்து வரும், ரெண்டு அடி சன்ஷேட் போட்டா போதும், அடங்கிரும். மேற்கு வெயில் அப்படி இல்ல, படுத்துக்கிட்டே வரும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க: நாலு அடி உயர ஜன்னல், மேல ரெண்டு அடி சன்ஷேட், சாயங்காலம் சூரியன் 30 டிகிரி உயரத்துல நேரா எதிர்ல நிக்குதுன்னா அந்த சன்ஷேட் குடுக்கற நிழல் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மிச்சம் மூணு அடி வெயில் அப்படியே உள்ள. எல்லா ஜன்னலுக்கும் ஒரே அளவு சன்ஷேட் வரையற பழக்கம் எங்க ஆர்க்கிடெக்ட் ஆளுங்களுக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல.

அடுத்து காத்து. ஒரே பக்கம் ஜன்னல் இருக்கற ரூமுக்குள்ள காத்து சீலிங் உயரத்தை மாதிரி ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம்தான் உருப்படியா போகும், ரெண்டு பக்கமும் ஜன்னல் இருந்தா அஞ்சு மடங்கு வரைக்கும் போகும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. 3 மீட்டர் சீலிங்னா ஒண்ணுல 6, 7 மீட்டர், இன்னொண்ணுல 15 மீட்டர். அதனாலதான் லாட்ஜ் மாதிரி நடுவுல காரிடார் போட்டு ரெண்டு பக்கமும் ஃபிளாட் அடுக்கற பிளானை நான் அடிச்சுருவேன், அதுல நடுவுல மாட்டற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே மூக்கு. உங்க பதினாறு ஃபிளாட்டுக்கு ஒரு படிக்கட்டைச் சுத்தி மாடிக்கு நாலுன்னு வச்சீங்கன்னா நாலுமே மூலை வீடு, நாலுக்கும் ரெண்டு பக்கம் வெளிச்சுவர். மூணு அடி டக்ட்ல திறக்கற ஜன்னலை ரெண்டாவது ஜன்னல்னு கணக்குல சேத்துக்காதீங்க, அதுல காத்து வராது, பக்கத்து வீட்டு பாத்ரூம் வாசனைதான் வரும்.

இதுல ஒரு இழுபறி இருக்கு, மறைக்காம சொல்லிடறேன். 400 சதுர மீட்டர் மாடிய 20க்கு 20ன்னு சதுரமா போட்டா சுத்துச் சுவர் 80 மீட்டர், 10க்கு 40ன்னு நீட்டமா போட்டா 100 மீட்டர், எலிவேஷன், அதாவது வெளித்தோற்றம், அழகா இருக்கணும்னு உள்ள வெளிய மடிச்சு மடிச்சு போட்டா 140கூட ஆகும். சுவர் நீளம் கூடக் கூட செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடுது, வெயிலும் குளிரும் உள்ள வர்ற பரப்பும் கூடுது. அப்ப சதுரம்தான் நல்லதான்னா, குளிர் ஊருக்கு ஆமா. வெயில் ஊருக்கு, நடுப்பகுதி இருட்டா, காத்தில்லாம போயிரும், பகல்லயும் லைட்டு எரியும். வெயில் ஊருக்கு நான் போடறது 10லேர்ந்து 12 மீட்டர் அகலத்துல ஒரு நேரான பிளாக், மடிப்பே இல்லாம. பாக்க கொஞ்சம் தீப்பெட்டி மாதிரிதான் இருக்கும், பெயின்ட் கலர்ல அழகு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு, பாத்ரூமும் கிச்சனும் மாடிக்கு மாடி ஒண்ணு மேல ஒண்ணா, முதுகோட முதுகு ஒட்டி வரணும். பைப் செலவு குறையும்னு உங்களுக்கே தெரியும், கூடவே சுடுதண்ணி விஷயமும் இருக்கு. 20 மில்லிமீட்டர் பைப் 15 மீட்டர் ஓடுச்சுன்னா உள்ள 4.7 லிட்டர் தண்ணி நிக்கும், ஒவ்வொரு தடவையும் அந்த ஆறின தண்ணிய சாக்கடைல விட்டுட்டுத்தான் சூடு கைக்கு வரும், குளிச்சு முடிச்சதும் மறுபடி அஞ்சு லிட்டர் சுடுதண்ணி பைப்புக்குள்ளயே கிடந்து ஆறும். பதினாறு வீடு, தினமும்.

இவ்வளவும் செஞ்சப்புறம் பணம் மிஞ்சினா கூரைக்குப் போடுங்க. அப்புறம் மேற்குச் சுவர். அப்புறம் ஜன்னல் கண்ணாடி. சோலார் கடைசி, ஆனா அதுக்கு வயர் போக பைப்பும் மொட்டை மாடில இடமும் இப்பவே விட்டு வைங்க.

கேள்வி: அக்கா, மூணாவது மாடி, மேற்கு பாத்த பெட்ரூம். கனமான திரை போட்டிருக்கோம், பகல்ல ஜன்னலை மூடிதான் வைக்கறோம். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு ரூம் அடுப்பு மாதிரி இருக்கு, விடியற வரைக்கும் ஏசி ஓடுது. சூரியன் போனப்புறம் எங்கேர்ந்து வருது இந்தச் சூடு?

பதில்: ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேற்குச் சுவர்ல உள்பக்கமா உள்ளங்கைய வச்சுப் பாருங்க. அப்புறம் பக்கத்து ரூம் நடுச்சுவர்ல வைங்க. முதல் சுவர், துணி தேச்சு முடிச்சு ஆஃப் பண்ணி வச்ச அயர்ன் பாக்ஸோட கைப்பிடி மாதிரி வெதுவெதுன்னு இருக்கும். அங்கேர்ந்துதான் வருது.

ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்ல வெளிப்பக்கம் பட்ட சூடு உள்பக்கம் வந்து சேர ஏறக்குறைய ஆறுலேர்ந்து எட்டு மணி நேரம் ஆகும். மத்தியானம் ரெண்டு மணி வெயில் உங்களுக்கு ராத்திரி ஒன்பது பத்து மணிக்கு டெலிவரி. ராத்திரி நல்லா குளிர்ற வறண்ட ஊர்ல கனமான சுவர் நல்ல சிநேகிதன், ஜன்னலைத் திறந்து விட்டா விடியறதுக்குள்ள சுவர் ஆறிரும். புழுக்கமான ஊர்ல ராத்திரியும் வெளிய சூடாவே இருக்கும், சுவர் ஆற வழியே இல்ல, அங்க அதே சுவர் பகையாளி.

திரைக்கு வரேன். கண்ணாடிய தாண்டி உள்ள வந்த வெயில் வந்ததுதான், திரை மேல பட்டா திரை சூடாகி அந்தச் சூடு ரூமுக்குள்ளயே இறங்கும். சாதா கண்ணாடி தன் மேல விழற வெயில் சூட்டுல 80 சதவீதத்த உள்ள விட்டுரும். சாயங்கால மேற்கு வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட்னு வச்சா, உங்க ஜன்னல் 2 சதுர மீட்டர் இருந்தா, 800 வாட். நட்ட நடு ரூம்ல ஒரு அயர்ன் பாக்ஸ ஆன்ல வச்சுட்டு பக்கத்துல ஏசிய போடறீங்க, அதான் நடக்குது. அதே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியவே நிறுத்துங்க: மூங்கில் தட்டி, வெளிய மாட்டற ரோலர் பிளைண்ட், ஷட்டர், எதுவானாலும் சரி, சுவருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி விட்டு காத்து மேல போக வழி இருக்கணும். முடிஞ்சா சுவரையும் மறைக்கற மாதிரி நீட்டி விடுங்க. அசோசியேஷன்ல எலிவேஷன் கெட்டுப் போச்சுன்னு ஒருத்தர் கண்டிப்பா கிளம்புவார், அவர் வீடு கிழக்கு பாத்ததா இருக்கும்!

சுவருக்கு வெளிப்பக்கம் வெளிர் கலர் அடிக்கச் சொல்லுங்க. அடர் பிரவுன் விழற வெயில்ல பெரும்பகுதியக் குடிச்சிரும், வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கற கலர் பெரும்பகுதியத் திருப்பி அனுப்பிரும், பெயின்ட் விலை ஒண்ணுதான். நானே என்னோட முதல் வேலைல மேற்குப் பக்கம் முழுக்க கண்ணாடி வச்ச படிக்கட்டு போட்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டேன், நாலு மணிக்கு மேல அதுல ஏறினவங்க என்னைத் திட்டாம இறங்கினதில்ல.

கேள்வி: நான் சிவில் கடைசி வருஷம் படிக்கறேன். விலை குறைஞ்ச பெரிய குடியிருப்பு எல்லாத்துலயும் அலுமினியம் ஷட்டரிங் வச்சு சுவர், ஸ்லாப் எல்லாம் ஒரே தடவைல கான்கிரீட் ஊத்தறாங்க, வேகமும் நல்லா இருக்கு. ஆனா உள்ள சூடுன்னு சொல்றாங்களே, லைட்வெயிட் பிளாக்தான் நல்லதா?

பதில்: சபாஷ் தம்பி. இந்த விஷயத்த பெரியவங்க பல பேர் கேக்கறதே இல்ல. யூ வேல்யூன்னு படிச்சிருப்பீங்க, ஒரு சதுர மீட்டர் சுவர் வழியா, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் போகுதுன்னு. 150 மில்லிமீட்டர் கான்கிரீட் சுவருக்கு அது 3.5க்கு மேல. பூச்சோட ஒன்பது இஞ்ச் செங்கலுக்கு சுமார் 2. நீங்க கேட்ட லைட்வெயிட் பிளாக், அதாவது ஏஏசி பிளாக், 200 மில்லிமீட்டர்னா சுமார் 0.75. 10 சதுர மீட்டர் சுவர், வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் 10 டிகிரி வித்தியாசம்னு வைங்க: கான்கிரீட் வழியா 350 வாட்டுக்கு மேல, செங்கல் வழியா 200, பிளாக் வழியா 75. அதாவது அதிவேகமா கட்டற முறைதான் அதிகமா சூட்டை உள்ள விடற முறை, அதுவும் ஏசி வாங்க வசதி கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் அது போய்ச் சேருது, அதை நினைச்சாத்தான் எனக்கு ஆறல.

அதுக்காக அந்த முறைய ஒதுக்கச் சொல்லல. ஆயிரக்கணக்குல வீடு வேணும்னா வேகம் வேணும், பூச்சு வேலை மிச்சம், நிலநடுக்கத்துக்கும் நல்லா நிக்கும். அதைத் தேர்ந்தெடுத்தீங்கன்னா வெளிப்பக்கம் சூட்டைத் தடுக்கற இன்சுலேஷன், இல்லன்னா நல்ல நிழல், ரெண்டுல ஒண்ணு கட்டாயம்னு பட்ஜெட்லயே எழுதணும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அந்த அப்புறம் வராது. சன்ஷேடு, ஷட்டர் மாட்ட ஆணி, கொக்கி எல்லாம் கான்கிரீட் ஊத்தறதுக்கு முன்னாடியே உள்ள வச்சுரணும்.

பிளாக்குக்கும் வம்பு உண்டு. கன மீட்டர் 600 கிலோ சுமார்தான், செங்கல் அதுல மூணு மடங்கு, அதனால பில்டிங் எடை இறங்கி கம்பிலயும் கொஞ்சம் மிச்சம். ஆனா சாதாரண கலவைய கனமா போட்டு கட்டினா பிளாக் தண்ணிய உறிஞ்சி ஜாயின்ட் விரிசல் விடும். மெல்லிசா போடற பசை மார்ட்டர் வச்சு கட்டணும், தூண் சந்திக்கற இடத்துல வலை ஒட்டிட்டுப் பூசணும். இதைச் செய்யாம விட்டுட்டு பிளாக் சரியில்லன்னு சொல்ற சைட்டு நான் நிறைய பாத்தாச்சு.

கேள்வி: அசோசியேஷன் செயலாளர் எழுதறேன். பத்து மாடி, நாப்பது ஃபிளாட். மேல் மாடிக்காரங்க வெள்ளை பெயின்ட் அடிங்கன்றாங்க, இன்னொரு கூட்டம் அந்த இடம் பூரா சோலார் போட்டா எல்லாருக்கும் ஃப்ரீ கரண்ட்ன்றாங்க. மீட்டிங்ல சண்டையே வந்துருச்சு.

பதில்: நாப்பது வீட்டுக்கு ஃப்ரீ கரண்ட் வராது சார், கணக்கு இதோ. மாடி 400 சதுர மீட்டர், டேங்க், லிஃப்ட் ரூம், நடக்கற வழி போக பாதி மிஞ்சும். 1 கிலோவாட்டுக்கு நிழல் இடைவெளியோட 10 சதுர மீட்டர், ஆக 20 கிலோவாட். நல்ல வெயில் ஊர்ல ஒரு கிலோவாட் நாளைக்கு 4 யூனிட் சுமார் தரும், மொத்தம் 80, வீட்டுக்கு 2. நாலு மாடி கட்டடமா இருந்தா இதே மாடி பதினாறு வீட்டுக்கு, தலைக்கு 5. மாடி ஏற ஏற ஒரு வீட்டுக்குக் கிடைக்கற கூரை சுருங்குது, இதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல. ஆனா பொது மீட்டருக்கு இது தாராளம். தண்ணி மோட்டாரை எடுத்துக்கோங்க: வீட்டுக்கு 500 லிட்டர்னா தினம் 20,000 லிட்டர், 35 மீட்டர் ஏத்தணும், மோட்டார் பாதி திறன்ல ஓடினாலும் நாலு யூனிட்டுக்குள்ள முடிஞ்சுரும். உங்க பொது மீட்டர்ல மோட்டாரே தினம் பத்து பன்னண்டு யூனிட் சாப்பிடுதுன்னா மோட்டார் சைஸ் தப்பு, இல்லன்னா எங்கயோ லீக், முதல்ல அதைப் பாருங்க. மோட்டாரைப் பகல்ல, சோலார் ஓடற நேரத்துல ஓட்டுங்க.

பேனலுக்கு அடில கிடைக்கற நிழலும் கூரைக்கு லாபம். பேனல் இல்லாத இடத்துக்கு வெள்ளை. வெறும் பெயின்ட்டு ரெண்டு மழையில அழுக்கேறி பழுப்பாயிரும், கழுவிக்கிட்டே இருக்கணும், வெள்ளை டைல்ஸ் ஒட்டினா நாள் பிடிக்கும். எப்படியும் ஸ்லாப்பைத் தண்ணி கசிவுக்குத் திருப்பிப் போடப் போறீங்கன்னா அதோடயே 50 மில்லிமீட்டர் இன்சுலேஷன் ஷீட்டையும் போட்டுருங்க, 3.5க்கு மேல இருக்கற யூ வேல்யூ 0.6 பக்கம் வந்துரும். ஸ்லாப்புக்கு மேல போடுங்க, கீழ ஃபால்ஸ் சீலிங்குக்குள்ள இல்ல. கீழ போட்டா ஸ்லாப் வெயில்ல காஞ்சு விரிஞ்சு சுருங்கி விரிசல் விட்டுக்கிட்டேதான் இருக்கும்.

கேள்வி: நாங்க குளிர் நாட்டுல பழைய அபார்ட்மென்ட்ல வாடகைக்கு இருக்கோம். ஹீட்டர் செலவு தாங்கல, இடுக்கெல்லாம் டேப் போட்டு அடைச்சோம், இப்ப பெட்ரூம் மூலைல கறுப்பா பூஞ்சை.

பதில்: இடுக்கை அடைச்சது சரி, ஈரக் காத்து வெளிய போக வழி விடலியே. குளிக்கறது, சமைக்கறது, மூச்சு விடறது எல்லாமே ஈரம், அது போய் ஜில்லுனு இருக்கற இடத்துல உக்காரும். பால்கனி ஸ்லாப் உள்ளேர்ந்து வெளிய நீட்டியிருந்தா அதுக்கு நேர் மூலைதான் ரொம்ப ஜில்லுனு இருக்கும், பைக் எஞ்சின் மேல இருக்கற தகடு மாதிரி அது வீட்டுச் சூட்டை வெளிய கடத்திக்கிட்டே இருக்கும். இப்போதைக்கு பாத்ரூம் ஃபேனை குளிச்சப்புறமும் அரை மணி ஓட விடுங்க, காலைல சாயங்காலம் அஞ்சஞ்சு நிமிஷம் ஜன்னலை முழுசா திறங்க, பீரோவ வெளிச்சுவர்ல ஒட்டி வைக்காதீங்க.

புதுசா கட்டறவங்க இதை முழுசா தீர்த்துட்டாங்க. ஜெர்மனில டார்ம்ஷ்டாட் ஊர்ல 1991ல முதல் பாசிவ் ஹவுஸ் (ஹீட்டர் ரொம்பக் கம்மியா தேவைப்படற வீடு) வரிசை வீடுகள்ல ஆளுங்க குடிவந்தாங்க, அந்த முறைய உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான வோல்ஃப்காங் ஃபைஸ்ட் தன் குடும்பத்தோட அதுலயே இருந்து அளந்து பாத்தார். ஹீட்டிங்குக்கு வருஷத்துக்கு சதுர மீட்டருக்கு 15 யூனிட்தான்னு அந்த விதி, வெளிய போற காத்தோட சூட்டை உள்ள வர்ற காத்துக்கு மாத்திக் குடுக்கற மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால காத்தும் புதுசு, சூடும் போகாது.

கேள்வி: இதெல்லாம் பணக்காரங்க சமாசாரம். ஏழைக்குக் கூரை இருந்தா போதாதா?

பதில்: இங்கிலாந்துல நாரிச் ஊர்ல கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட்னு ஒரு குடியிருப்பு, நூறு வீட்டுக்கு மேல, நகர கவுன்சில் வாடகைக்கு விடறதுக்காகக் கட்டினது, அதுவும் அந்த பாசிவ் ஹவுஸ் கணக்குலயே. 2019ல அந்த நாட்டோட பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு அதுக்குத்தான் கிடைச்சுது. அங்க தபால் போடற ஓட்டைய வாசக் கதவுல வைக்கல, வெளிய போர்ட்டிகோல வச்சாங்க, கதவுல ஒரு ஓட்டை இருந்தா அது வழியா குளிர் காத்து வருமேன்னு. இப்படி யோசிக்கறதுக்குப் பணமா வேணும்?

பழசை இடிக்காமலும் செய்யலாம். பிரான்ஸ்ல போர்தோ ஊர்ல 1960கள்ல கட்டின 530 ஃபிளாட்டுக்கு லகாத்தோன், வசால் கூட்டணி மத்த ரெண்டு ஆர்க்கிடெக்டோட சேந்து வெளிப்பக்கமா தனித் தூண் நிறுத்தி கண்ணாடி பால்கனிய சேத்துக் கட்டினாங்க, குடியிருந்தவங்க யாரும் காலி பண்ணல. வீடும் பெருசாச்சு, அந்த பால்கனியே குளிருக்கு ஸ்வெட்டரும் ஆச்சு.

தப்பான இடத்துல மிச்சம் புடிச்சா என்ன ஆகும்னும் பாத்தாச்சு. அமெரிக்கால செயின்ட் லூயிஸ்ல ப்ரூயிட் ஐகோ, 33 கட்டடம், 1950கள்ல வந்துச்சு, லிஃப்ட் 1, 4, 7, 10ன்னு சில மாடில மட்டும்தான் நிக்கும், செலவு மிச்சமாம். அது வீணாப் போனதுக்கு வேற பெரிய காரணங்களும் உண்டு, ஆனா 1972லயே இடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. லண்டன் கிரென்ஃபெல் டவர் 24 மாடி, பழுது பாத்தப்ப குளிருக்கும் அழகுக்குமா சேத்து வெளிய ஒட்டின பேனலுக்குள்ள எரியற பிளாஸ்டிக், 2017 ஜூன்ல தீ பிடிச்சு 72 பேர் செத்துட்டாங்க. அதனால மாடிக் கட்டடத்துக்கு வெளிய இன்சுலேஷன் போடறவங்க எரியாத ராக் வுல் மாதிரி எதையாவது போடுங்க, இதுல பேரம் பேசாதீங்க.

கூரை போதாதான்னு கேட்டீங்க. கட்டறவர் ஒருத்தர், மாசா மாசம் பில் கட்டறவர் வேற ஒருத்தர். கட்டறவருக்கு சன்ஷேட் மிச்சம், வாங்கினவருக்கு முப்பது வருஷம் ஏசி. விலை குறைச்சல்னு சொல்றப்ப வீட்டுக் கடன் தவணையோட கரண்ட் பில்லையும் கூட்டிச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.

கேள்வி: எந்த ஏசி வாங்கலாம்? (முப்பத்தி ஏழு பேர்)

பதில்: முதல்ல ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் சுமார், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் வச்சது) 30 வாட் சுமார், காத்து அதேதான். ஃபேனைப் போட்டுக்கிட்டு ஏசிய 26, 27ல வச்சா உடம்புக்கு 24 மாதிரியே இருக்கும். ஏசில இன்வெர்ட்டர், உங்க ரூமுக்குத் தேவையான டன், வாங்க முடியற அளவுல அதிக ஸ்டார். வாங்கறதுக்கு முன்னாடி மேற்கு ஜன்னலுக்கு வெளிய தட்டி கட்டிட்டு ஒரு வாரம் பொறுத்து டன் கணக்குப் போடுங்க, அரை டன் குறைஞ்சாலும் குறையும்.

கேள்வி: லைட்டு, ஃபேன் எல்லாம் போன்லயே ஆஃப் பண்ற ஸ்மார்ட் வீடா மாத்தினா எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: வெளிய போறப்ப வாசல் பக்கத்துல ஒரே ஒரு மெயின் சுவிட்ச், ஃப்ரிட்ஜ் தவிர எல்லாத்தையும் அணைக்கற மாதிரி, வயரிங் போடறப்பவே எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. போன் சார்ஜ் இல்லன்னாலும் அது வேலை செய்யும்.